பிணவறை டாக்டரைப் பெண் பார்க்கப் போன கதை

இதை எழுத நான் பேனா எடுத்தது இது முதல் தடவை இல்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் "இந்த வருஷம் எழுதிவிடுகிறேன் முருகா" என்பேன். தீபாவளிக்கு முறுக்கு சுடுகிற வேலை வந்து என்னைக் காப்பாற்றிவிடும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தமிழ்ப்பள்ளியில் எங்கள் வாத்தியார் என் கட்டுரையைப் படித்துவிட்டு, "அம்மா தாயே, நீ பேசுவதையெல்லாம் எழுதாதே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு பல வருஷம் என்னைத் தடுத்தது.

இன்னொரு தயக்கமும் உண்டு. இந்தக் கதையில் பிணம் வருகிறது. எங்கள் கோயில் மாதர் சங்கத்துப் பெண்களோ பல்லி மேலே விழுந்தாலே தலைக்குக் குளிக்கிறவர்கள்.

ஆனால் போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, நான் யாரென்று தெரியாமல், என் கதையையே எனக்குச் சொன்னாள். அதில் நான் மயங்கி விழுந்திருந்தேன். பிணம் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டது. இனியும் சும்மா இருந்தால் அது கல்யாணச் சாப்பாட்டுக்கே வந்துவிடும் என்று பயந்து, இதோ எழுதுகிறேன்.

நான் கிள்ளான்காரி. மலேசியாவில் துறைமுகத்துப் பக்கத்து ஊர். கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கிற பிரிவில் பல வருஷம் இருந்தேன். டாக்டர்கள் போடுகிற ரப்பர் கையுறைக்குள் காற்றை ஊதி, விரல் விரலாகத் தடவி, எங்காவது கசிகிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். "உலகத்து டாக்டரெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஆபரேஷன் செய்கிறார்கள்" என்று வீட்டுக்காரரிடம் பெருமையடிப்பேன். "அப்போ சம்பளத்தையும் அவங்ககிட்டயே கேளு" என்பார்.

எங்களுக்கு ஒரே மகன், குமரன். கப்பலில் எஞ்சினியர். ஒரு முறை அவன் கப்பல் எண்ணூரில் நின்றபோது, கூட வேலை செய்தவனுக்குக் கை நசுங்கிவிட்டது. ராயபுரம் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறான். தையல் போட வந்தது பயிற்சியில் இருந்த ஒரு பெண் டாக்டர். அடிபட்டவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வேடிக்கை பார்த்த என் மகன் மயங்கி விழுந்தான். "அடிபட்டவனே குந்திகினு கீறான், நீ இன்னாத்துக்கு நைனா வுழற?" என்று அந்தப் பெண் அவன் முகத்தில் தண்ணீர் அடித்திருக்கிறாள். அந்தத் தண்ணீரில் முளைத்த காதல். பெண் பெயர் தேன்மொழி, திருவொற்றியூர்.

"டாக்டர்மா. இப்ப மேல்படிப்புல சேர்ந்திருக்கா" என்றான் கப்பலிலிருந்து.

"என்ன டாக்டர்?"

"லைன் சரியில்லம்மா" என்றான்.

நானே முடிவு செய்துகொண்டேன். பெண்பிள்ளை மேல்படிப்பு என்றால் வேறென்ன? ஒன்று பிரசவம், இல்லையென்றால் குழந்தை. கொஞ்சம் ஸ்டைலானவளாக இருந்தால் தோல். கோயிலில் எல்லோரிடமும் "குழந்தை டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். மூன்று பேர் தங்கள் பேரப்பிள்ளைகளின் சளிக்கு இப்போதே மருந்து கேட்டார்கள்.

சம்பந்தம் பேசி முடிக்கும்வரை மீனும் கறியும் தொடமாட்டேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பது கிள்ளான் முழுக்கத் தெரியும், முருகனுக்கும் தெரியும். பாகற்காயை விட்டுவிடுகிறேன் என்றால் எந்தச் சாமி மதிக்கும்? பேச்சு முடிந்ததும் வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்குப் பூ சாற்றிவிட்டுத் திரும்புவதாகவும் ஒரு கூடுதல் வேண்டுதல். வீட்டுக்காரருக்கு முட்டிவலி. "நீ போய்ப் பாத்துட்டு வா. வரும்போது கருவாடு" என்று வழியனுப்பினார்.

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினேன். அங்கே இறங்கியதும் என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது, முருகன் என்னைச் சோதிக்கிறான் என்று. காசிமேட்டில் படகுகள் வந்திருந்த நேரம். தெருவில் மீன், கூடையில் மீன், சைக்கிளில் மீன். லாட்ஜ் படியில் ஒரு பூனை, என்னைவிடப் பெருத்தது, மீனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த அளவுக்கு வசதி.

லாட்ஜைப் பார்த்துக்கொள்கிறவர் காதர் பாய். வெள்ளைத் தொப்பி, வாயில் ஏலக்காய்.

"பாய், இங்க பசியாற சைவக்கடை எங்க இருக்கு?" என்று கேட்டேன். காலைச் சாப்பாட்டை நாங்கள் பசியாறுவது என்றுதான் சொல்வோம்.

"சைவமா? ராயபுரத்துக்கு வந்து சைவம் கேக்குறியேம்மா. இங்க காத்தே அசைவம். மூச்சு வுட்டாலே உன் விரதம் முறிஞ்சிபோச்சி" என்றார். பிறகு மனசு கேட்காமல் தன் வீட்டிலிருந்து இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வரவழைத்துக் கொடுத்தார். கிண்ணத்தைத் திறந்ததும் நெத்திலி வறுவல் வாசம். பக்கத்துக் கிண்ணத்தோடு வந்த வாசம்தான் என்று பாய் சத்தியம் செய்தார். நான் கண்ணை மூடிக் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன்.

மறுநாள் புதன்கிழமை பெண் வீட்டுக்குப் போக வேண்டும். "காலைலயே வந்துடுங்க அக்கா. சாப்ட்டு மூணு மணிக்கெல்லாம் கெளம்பிடலாம். பொண்ணு டூட்டில கீது, அவள வெள்ளிக்கெழம கோயில்ல பாத்துக்கலாம்" என்று பெண்ணின் அம்மா கஸ்தூரி போனில் சொன்னாள். பெண் பார்க்க வா, பெண் வருவதற்குள் போய்விடு என்கிற மாதிரி இருந்தது. ஊர் வழக்கம் போல என்று விட்டுவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். எதிரே வெறும் மீன்கூடையோடு ஒரு பெண். வெறும் கூடைக்கே அவ்வளவு வாசம். எங்கே போகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். பையன் என்ன வேலை, எவ்வளவு உயரம், குடிப்பானா என்று கேட்டாள். எனக்கு மாமியார் கொடுமை செய்கிற முகம் இருக்கிறதா என்று பக்கத்துப் பெண்ணிடம் அபிப்பிராயம் கேட்டாள்.

"மூஞ்சி நல்ல மூஞ்சிதான். வாய்தான் கொஞ்சம் பேஜாரு" என்றாள் அந்தப் பக்கத்துப் பெண்.

இதற்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் திருவொற்றியூர் போய், இன்னும் இரண்டு ஸ்டேஷன் போய், எண்ணூரும் வந்துவிட்டது. இறங்கினால் தூரத்தில் புகைபோக்கிகள். சாம்பல் நிறத்தில் வானம், அதே நிறத்தில் கழிமுகம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. என் மகனின் கப்பல் நின்ற ஊர் இதுதானா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். மூக்கில் சாம்பல் ஏறியது. பார்த்தது போதும் என்று ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

கிள்ளானிலும் துறைமுகம் உண்டு, கண்டெய்னர் லோரிகள் உண்டு. ஆனால் எங்கள் லோரிகள் போகும். இங்கே நிற்கின்றன. அடுப்பு வைத்துச் சோறாக்குகிற அளவுக்கு நிற்கின்றன. ஒரு டிரைவர் லோரிக்கு அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். "அட்ஜஸ் பண்ணி குந்துங்க, இன்னும் ரெண்டு பேரு வருவாங்கோ" என்று ஆட்டோக்காரர் என் மடியிலேயே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை உட்காரவைத்தார். காலையில் வர வேண்டியவள், வீடு போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது.

கஸ்தூரி வாசலில் நின்று ஓடிவந்தாள். நல்ல முகம், பெரிய குரல். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை கண்டெய்னர் யார்டில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். என் விரதத்தை மதித்து வீடே சைவம் சமைத்திருந்தது. ஏழுமலை தன் தட்டிலிருந்த வாழைக்காய் வறுவலைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். மீன் மாதிரியே வெட்டி, மீன் மாதிரியே வறுத்திருந்தார்கள். அது மீன் இல்லை என்பதுதான் அவர் துக்கம்.

கஸ்தூரி நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். "ரயிலு கூட்டமாயிடும்க்கா" என்றாள். "லாட்ஜு கதவ சாத்திடுவாங்களோ இன்னாவோ" என்றாள். நான் பாயாசத்தை இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டேன்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஒல்லி, நீளப் பின்னல், தோளில் பை. படியில் கால் வைக்காமல் ஒரு முழம் தள்ளியே நின்றாள்.

"எம்மா! பக்கெட்டு எங்க?"

கஸ்தூரிக்கு முகம் வெளிறியது. "இன்னா பக்கெட்டு? எந்த பக்கெட்டு? உள்ள வா கண்ணு, யாரு வந்துகிறாங்க பாரு."

"குளிக்காம உள்ள வந்தா நீதானம்மா டெய்லி கத்துவ?"

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா தேனு, இன்னிக்கு எத்தினி?"

"அஞ்சுக்கா!" என்றாள் இவள் பழக்கத்தில்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அஞ்சு பிரசவமாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

ஏழுமலை மின்விசிறியைப் பார்த்தார். கஸ்தூரி தரையைப் பார்த்தாள். தேன்மொழி என்னையும் பார்த்து அம்மாவையும் பார்த்தாள்.

"எம்மா, நீ இவங்ககிட்ட சொல்லவே இல்லியா?" என்றாள். பிறகு என்னிடம், "அஞ்சு பிரசவம் இல்ல அத்த. அஞ்சு பொணம்" என்றாள்.

பாயாசத்தில் இருந்த முந்திரி தொண்டையில் நின்றது.

இதுதான் விஷயம். அவள் சேர்ந்திருந்தது சட்ட மருத்துவம். விபத்து, தற்கொலை, சந்தேகச் சாவு என்று வருகிற பிணங்களை அறுத்துப் பார்த்து, எப்படி இறந்தார்கள் என்று சொல்கிற படிப்பு. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் வாசலிலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டுதானே உள்ளே வருவோம்? கஸ்தூரியின் மகளோ தினமும் சாவு வீட்டில்தான் வேலை செய்கிறாள். அதனால் தினமும் மாலை மஞ்சளும் வேப்பிலையும் போட்ட ஒரு பக்கெட் தண்ணீர் வாசலில் காத்திருக்கும். நான் வருகிறேன் என்று அன்றைக்கு அதைக் கொண்டுபோய் காஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார்கள். நான் எண்ணூர் போய்ச் சுற்றாமல் இருந்திருந்தால், பக்கெட்டையும் பார்த்திருக்கமாட்டேன், பெண்ணையும் பார்த்திருக்கமாட்டேன்.

ஏழுமலை பக்கெட்டை எடுத்துவந்து வைத்தார். கஸ்தூரி அழுதுகொண்டே மகள் தலையில் ஊற்றினாள். தெருவே பார்த்தது. மருத்துவம் படித்த பெண், துணியோடு, கண்ணை மூடிக்கொண்டு, குளிக்கவைக்கிற குழந்தை மாதிரி நின்றாள்.

"அக்கா, கவலப்படாதீங்க" என்றாள் கஸ்தூரி சொம்பைக் கையில் வைத்தபடியே. "இன்னொரு ரவுண்டு கவுன்சிலிங் கீது. வேற சீட்டு வந்தா மாறிக்கிறேன்னு வெள்ளிக்கெழம ராத்திரிக்குள்ள குடுத்துட்டா போதும். இவ மார்க்குக்கு கொழந்த சீட்டு கண்டிப்பா வந்துரும்."

"அது வந்துட்டா இது போயிடும்" என்றாள் தேன்மொழி, பின்னலைப் பிழிந்துகொண்டு.

"போனா போவுது! இது இன்னா பாட்டன் சொத்தா?"

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். மனசுக்குள் முடிவு அப்போதே ஆகிவிட்டது. மாற்றிக்கொள்ளட்டும். நான் சாமி கும்பிடுகிறவள். விளக்கேற்றுகிற வீட்டுக்கு வருகிற மருமகள், பிணம் தொட்ட கையோடு திருநீறு எடுப்பாளா? கோயிலில் குழந்தை டாக்டர் என்று வேறு சொல்லியாயிற்று.

மகனைப் போனில் பிடித்தேன். "சொல்லலாம்னுதான் இருந்தேன்மா, லைன் சரியில்ல" என்றான்.

"கடல் முழுக்க ஒரு இடத்துலயும் லைன் இல்லையா?"

"எனக்கு அவ எந்த டாக்டரா இருந்தாலும் சரிம்மா. மாத்தணும்னா அதை அவதான் சொல்லணும், நான் இல்ல" என்றான். மயங்கி விழுகிறவனுக்கு வந்த தைரியத்தைப் பாருங்கள்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "நமக்கும் வயசாகுதுலா. வீட்டுலயே ஒரு ஆளு இருந்தா கடைசியில நல்லதுதானே" என்றார். பிறகு கருவாடு வாங்கியாகிவிட்டதா என்று விசாரித்தார்.

வியாழக்கிழமை மாலை தேன்மொழி லாட்ஜுக்கே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலேயே குளித்துவிட்டு வந்ததாக முதலில் அதைத்தான் சொன்னாள். "வாங்க அத்த, உங்க ஊரு மாதிரியே ஒண்ணு துன்னலாம்" என்று ஆட்டோவில் ஏற்றினாள். மூலக்கொத்தளம் சுடுகாட்டைத் தாண்டும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இவங்கல்லாம் என் டிபார்ட்மென்ட் இல்ல அத்த. பாஸாயி போனவங்க" என்றாள். ஆட்டோக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, விடவில்லை.

வியாசர்பாடிப் பக்கம் ஒரு தள்ளுவண்டி. பர்மாவிலிருந்து வந்த தமிழர்களின் பலகாரம், அத்தோ என்கிறார்கள். மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைகிறார்கள். "முட்டை, கருவாட்டுப் பொடி எதுவும் வேணாம்" என்றதும் கடைக்காரர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எங்கள் ஊரில் வறுத்துத் தருகிற மீ கோரெங் நூடுல்ஸுக்கு அக்காள் மகள் மாதிரி இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

"ஏம்மா, உலகத்துல வேற படிப்பே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சி. எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. பொண்ணுன்னா பிரசவம் எடு, கொழந்த எடு, கண்ணு எடு. பசங்க இத எடுத்தா 'தில்லான ஆளுடா'ன்னாங்க. நான் எடுத்தேன், 'ஏம்மா, மார்க் பத்தலியா?'ன்னு கேட்டாங்க. ராத்திரி போலீசு, கோர்ட்டுன்னு அலைய முடியுமான்னாங்க. எங்கம்மா பத்து வருஷம் விடிகாத்தால காசிமேட்டுக்குப் போயி மீன் ஏலம் எடுத்துச்சி. அத யாரும் அலைச்சல்னு சொல்லல."

சூப்பை ஊதினாள். வாழைத்தண்டு சூப்பு. அது சைவம்தான், விசாரித்துவிட்டேன்.

"எங்க ஏரியால ஒரு பொம்பள செத்தா, தெருவே ஒரு கத சொல்லும் அத்த. அவ இப்டி, அவ அப்டின்னு. அந்தப் பொம்பளகிட்டயே 'உனக்கு இன்னா ஆச்சி?'ன்னு கேக்கறதுக்கு ஒருத்தராவது வேணும்ல? அதான்."

நான் பேச்சை மாற்றினேன். நான் கையுறைக்காரி என்று சொன்னேன். "அய்யோ அத்த, நாங்க எப்பவும் ரெண்டு போடுவோம். ஒண்ணுல ஓட்ட இருக்கும்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் தொழிற்சாலைக் கையுறையில் ஓட்டையே வராது என்று அரை மணி நேரம் வாதாடினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

ஆட்டோவிலிருந்து நான் இறங்கும்போது சொன்னாள். "குமரன் மேல எனக்கு ஆச கீது அத்த. எங்கம்மா டெய்லி அழுவுது. நாளைக்கி நீங்க மாத்துன்னு சொன்னா நான் மாத்திடறேன். மனசுல வெச்சிகினு பின்னால உங்களத் திட்டமாட்டேன்."

திட்டுவேன் என்றிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பட்டுச்சேலை கட்டினேன். பையில் வடிவுடையம்மனுக்கு நாலு முழம் மல்லிகை, குங்குமம், மஞ்சள், வளையல். போகிற வழியில் ஆஸ்பத்திரி வாசலில் அவளைக் கூப்பிட்டு "மாத்திடும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அப்படியே கோயிலுக்கு. ஆட்டோக்காரரிடம், "டாக்டர் தேன்மொழியைப் பார்க்கணும், பிணம் பார்க்கிற டாக்டர்" என்று வாய்தவறிச் சொன்னேன். அவர் என்னைப் பெரிய வாசலில் இறக்கவில்லை. நேரே பிணவறை வாசலில் இறக்கி, "மனச தேத்திக்கமா" என்று ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே ஒரு மரத்தடியில் கூட்டம். நான் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யார் மேலும் படாமல் ஓரமாக நின்றேன். கோயிலுக்குப் போக வேண்டியவள் அல்லவா. இறந்தது சுமதி என்று ஒரு இளம்பெண், காசிமேட்டுக்காரி. கல்யாணமாகி இரண்டாம் வருஷம். முந்தின நாள் காலையில் எழுந்திருக்கவில்லையாம். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாய்க்கு வாய் பேசும். புருசன்கிட்ட சண்ட போட்டுகினு மருந்த குடிச்சிட்டுது. வேற இன்னா?"

"போன்ல வேற யார்கிட்டயோ பேசுமாம்" என்றது இன்னொரு குரல்.

சுமதியின் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஒவ்வொரு குரலும் வரும்போது தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார். பிறகு கதவைப் பார்த்தார்.

கதவு திறந்து தேன்மொழி வந்தாள். பச்சை அங்கி, கூட ஒரு பெண் போலீஸ். "சுமதி அம்மா யாரு?" என்று கேட்டு அவர் எதிரே தரையில் குந்தி உட்கார்ந்தாள்.

"யம்மா, ரிப்போர்ட்டு பெரிய டாக்டர் எழுதுவாரு. மீதி டெஸ்ட்டு வர்றதுக்கு நாளாவும். அவர்கிட்ட கேட்டுகினுதான் சொல்றேன். உங்க பொண்ணு நெஞ்சுல ஒரு வால்வு ரொம்ப நாளா சுருங்கிப் போயிருந்துச்சி. மாடி ஏறுனா மூச்சு வாங்குவாளா?"

"வாங்கும். சோம்பேறின்னுவாங்க."

"சோம்பேறி இல்லம்மா. மருந்து குடிச்ச மாதிரி எதையும் நாங்க பாக்கல. அடிபட்ட காயமும் இல்ல."

அந்த அம்மா மாப்பிள்ளை வீட்டு ஆளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவர் காறித் துப்பப் போகிறவர்போல் சுவர்ப்பக்கம் நகர்ந்தார்.

"எம்பொண்ண யாரு தொட்டது? ஆம்பளைங்களா?"

"நான்தாம்மா. நான்தான் தொட்டேன். தலகூட வாரி பின்னி வுட்டேன்."

"பூ வெச்சியா?"

தேன்மொழி தன் வெறுங்கையைப் பார்த்தாள். "பூ இல்லம்மா" என்றாள்.

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சுமங்கலியாகப் போகிறவளைப் பூ இல்லாமல் அனுப்புவதா? எனக்கே பொறுக்கவில்லை. என் கை பைக்குள் போய்விட்டது. அம்மனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் இன்னும் சீக்கிரம் கொடு என்றிருப்பாள்.

மல்லிகை, குங்குமம், வளையல் எல்லாவற்றையும் தேன்மொழியிடம் நீட்டினேன். அவள் என்னை அப்போதுதான் பார்த்தாள். கதவோரம் இருந்த பெட்டியிலிருந்து புதுக் கையுறை எடுத்து மாட்டப் போனாள்.

"இரு" என்றேன். என் கை தானாக அதை வாங்கியது. ஊதினேன். விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன். இத்தனை வருஷம் பெட்டி பெட்டியாக அனுப்பியிருக்கிறேன், அது எந்த வாசலுக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்ததில்லை. "ஓட்டை இல்லை. போட்டுக்கோ" என்று கொடுத்தேன்.

அவள் உள்ளே போனாள். அந்த அம்மா என் தோளில் சாய்ந்தார். பட்டுச்சேலையின் ஒரு பக்கம் முழுக்க ஈரம். வண்டி வந்து சுமதியை ஏற்றும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். தலை நிறையப் பூ வைத்துவிட்டிருந்தாள் தேன்மொழி. பின்னல் நன்றாகவே பின்னியிருந்தாள். சொல்லக்கூடாது, என் மகனின் அதிர்ஷ்டத்தை அப்போதுதான் நினைத்தேன்.

மாலையில் நானும் தேன்மொழியும் ஒரே ஷேர் ஆட்டோவில் போனோம். வீட்டு வாசலில் பக்கெட் அதன் இடத்தில் இருந்தது. வேப்பிலை மிதந்தது. இரண்டு பேரும் படிக்கு ஒரு முழம் தள்ளி நின்றோம்.

"நீங்க உள்ள வாங்கக்கா" என்றாள் கஸ்தூரி.

"நானும் அங்கேருந்துதான் வர்றேன். ஊத்து."

"பட்டுச்சேல அக்கா!"

"ஊத்துன்னா ஊத்தேன்."

ஊற்றினாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. என் வாயில் ஒரு வேப்பிலை போய்விட்டது. எதிர்வீட்டு மாடி அம்மாவுக்கு அன்றைக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கஸ்தூரிக்குப் பொறுமை இல்லை. "இன்னா சொன்னீங்கக்கா இவகிட்ட? மணி ஆவுது. ராத்திரிக்குள்ள குடுக்கணும்."

தேன்மொழி பின்னலைப் பிழியாமல் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"கஸ்தூரி" என்றேன் முந்தானையைப் பிழிந்துகொண்டு, "வீட்டுல மீன் இருக்கா?"

"மீனா? நீங்கதான் சம்பந்தம் முடியற வரைக்கும் தொடமாட்டேன்னு..."

ஏழுமலைக்குத்தான் முதலில் புரிந்தது. மூன்று நாளாக வாழைக்காய் தின்றவர். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியே விட்டார். அங்கிருந்து திரும்பிக் கேட்டார், நான் கேட்டு அவர் பேசிய முதல் பேச்சு. "வஞ்சிரமா, வவ்வாலா?"

"ரெண்டும்" என்றேன்.

"அப்ப சீட்டு?" என்றாள் கஸ்தூரி.

"அது அவ சீட்டு. அவகிட்டயே இருக்கட்டும்" என்றேன். தேன்மொழி அந்தப் பக்கம் திரும்பி முகத்தில் இன்னொரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அந்தத் தண்ணீருக்கு அவசியம் இருந்தது.

மறுநாள் வெறுங்கையோடு வடிவுடையம்மன் முன்னால் நின்றேன். பூ எங்கே என்று அவள் கேட்கவில்லை.

இதுதான் நடந்தது. படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. ஆனால் கூட்டிக் குறைக்காமல், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். மயங்கி விழுந்தது நான் இல்லை, என் மகன். எந்தப் பிணமும் எழுந்து உட்காரவில்லை. சுமதி மருந்து குடிக்கவில்லை. என் மருமகள் என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால், லைன் சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.